காலடித் தடத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்

வீடியோ கேம் ஸ்டூடியோக்களின் தயாரிப்பு மேலாளர்களுக்கு,

வணக்கம்.

"சேற்றில் காலடித் தடம் பதியவில்லை" என்று வரும் டிக்கெட் (பிழைக் குறிப்பு) எப்போதும் பட்டியலின் அடியில்தான் கிடக்கிறது. கேம் பாதியில் நின்றுபோகிறது, சேவ் ஃபைல் கெடுகிறது என்ற பக்குகள் இருக்கும்போது தடத்தை யார் பார்ப்பார்கள்? அந்த வரிசையைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. அது பட்டியலுக்கு வரும் நேரம்தான் தப்பு.

கேமின் அம்சங்களெல்லாம் சேர்ந்துவிடும் ஆல்ஃபா கட்டத்துக்குப் பிறகு வந்தால், அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை என்று பாருங்கள். தடத்தை டீகாலாக, அதாவது பரப்பின்மேல் ஒட்டும் படமாக, தரைமேல் படியவைக்க வேண்டும். படிக்கட்டு விளிம்பில் அது செங்குத்துப் பக்கத்தில் இழுபட்டுக் கோடாகிவிடும். நடப்பவரின் பூட்ஸ் மேலேயே தடம் விழும். கதாபாத்திர மெஷ்கள் (3D உருவங்கள்) டீகாலை ஏற்காதபடி அணைத்தால்தான் அது போகும். தடங்கள் குவிந்துகொண்டே போகாமலிருக்க 200 என்று வரம்பு வைத்து, மிகப் பழையதை எடுத்துப் புதிய இடத்தில் போட வேண்டும்.

இதெல்லாம் ஒரு புரோகிராமரின் வேலை. பெரிய வேலை தரையில் இருக்கிறது. சேறு எது, கல் எது என்று ஒவ்வொரு மெட்டீரியலிலும் (ஒரு பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) பரப்பு வகையைக் குறிக்க வேண்டும். குறி விட்டுப்போன கம்பளம் சிமென்ட் தரைபோல டக் டக் என்று ஒலிக்கும். ஒலிக்குத் தனிக் கணக்கு: 10 பரப்பு, நடை, ஓட்டம், குதித்து இறங்குதல் என 3 அசைவு, காதுக்குச் சலிக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் 5 மாற்று. 150 ஃபைல் ஆயிற்று. முடிந்த லெவல்களை மறுபடி திறந்து குறியிட்டால், டெஸ்டர்களும் மூலைமூலையாக மறுபடி நடந்து பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் "வேண்டாம்" என்று நீங்கள் சொல்வது சரிதான்.

ஆகவே முதல் லெவல் கட்டும்போதே ஒரு விதி போடுங்கள்: பரப்பு வகை இல்லாத மெட்டீரியலை பில்டு (கேமை ஓடும் வடிவில் தொகுக்கும் வேலை) ஏற்கக் கூடாது. மெட்டீரியல் உருவாக்கும்போது அது ஒரு கிளிக். தடம், ஒலி, தூசி மூன்றும் பிறகு அதே குறியைப் படித்துக்கொள்ளும்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இந்தச் சலுகையைக் கேட்கமாட்டோம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான், கண்ணாடியோ அதில் தெரிவதையெல்லாம் இன்னொரு முறை வரையச் சொல்லும். 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 கண்ணாடிக்குப் பின்னால் அதேபோல் ஓர் அறையையும் இன்னொரு மாரியோவையும் வைத்துச் சமாளித்தது. சின்ன அறை, செல்லுபடியானது. பெரிய திறந்த உலகமென்றால் தாராளமாகக் கண்ணாடியை உடைந்ததாகவே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லெவலும் ஒலியும் பார்ப்பவர்கள்