இஞ்சு டேப்பையும் ஒரு வார்த்தை கேள்

அன்பு மகளே,

நள்ளிரவு தாண்டி நீ அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். மூன்று வாரமாக எடை இயந்திரத்தில் ஒரே எண், இதற்கா இத்தனை பாடு, பேசாமல் விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் கூப்பிட்டால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். எனக்கு ஆறுதல் சொல்ல அவ்வளவாக வராது. கணக்குப் பார்க்க வரும்.

முதல் வாரத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தாயே, அந்த வேகத்தைத்தான் இன்றுவரை மனத்தில் வைத்திருக்கிறாய். அன்று போனதில் பெரும்பகுதி தண்ணீர். அவசரத் தேவைக்கென்று உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது; எல்லாம் சேர்ந்து சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடல் முதலில் இதில்தான் கை வைக்கிறது. கிளைகோஜன் தீரத் தீரத் தண்ணீரும் வெளியேறுகிறது. அந்தக் கையிருப்பு ஒரு முறைதான் தீரும். அதே வேகத்தை இரண்டாம் மாதத்திலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கொழுப்பின் கணக்கு வேறு. உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு நாள்கூடத் தவறாமல் தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கரைய 15 நாளுக்கு மேல் ஆகும். ஆனால் தண்ணீர், உப்பு, குடலில் இருக்கும் உணவு இவற்றால் மட்டுமே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும், சிலருக்கு இரண்டு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடல் நீரைப் பிடித்துவைப்பதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்குத் தசைகளிலும் நீர் தேங்கும். ஆக, இரண்டு வாரம் பாடுபட்டுக் கரைத்த ஒரு கிலோவை ஒரு நாளில் ஏறும் தண்ணீர் அப்படியே மறைத்துவிடும். மூன்று வாரமாக நீ முறைத்துக்கொண்டிருக்கும் எண் உன் உழைப்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் திறமை அதற்கு இல்லை.

கரைகிற கொழுப்பு எங்கே போகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? வியர்வையில் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடுகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீராகிறது. (உடனே ஆழமாக மூச்சுவிட உட்கார்ந்துவிடாதே. அதனால் தலைதான் சுற்றும்.)

இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதையும் குடிக்கும் முன், ஏறி நின்று பார். எண்ணைக் குறித்துவைத்துவிட்டு வேலையைப் பார். வார முடிவில் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, வரும் சராசரியை நான்கு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடு. மாதச் சுழற்சியில் அநேகமாக ஒரே இடத்தில் வரும் வாரங்கள் அவை, அதனால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். தினமும் பார்ப்பதே மனத்தைக் கெடுக்கிறது என்றால் வாரம் ஒரு முறை போதும். ஆனால் ஒற்றை எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதே.

இனி என் தொழில். கடைக்கு வந்த ஒருவரிடமும் நான் எடை கேட்டதில்லை. ஆட்களின் உடம்பை இஞ்சு டேப்பால் மட்டுமே அறிந்தவள் நான். எடை அப்படியேதான் இருக்கிறது என்று சலித்துக்கொண்டே கால்சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கொழுப்பு தசையைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு அதிக இடத்தை அடைக்கும். கொழுப்பு குறைந்து தசை கூடினால் முள் நகராது, துணி தொளதொளத்துவிடும். ஒன்றுமே மாறவில்லை என்று புலம்பும் நீயும் போன மாதம் இரண்டு கால்சட்டைகளை எனக்கு அனுப்பியிருக்கிறாய், நினைவிருக்கிறதா?

அளவு எடுப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. கால்சட்டைக்கு எடுக்கும் இடுப்பளவு இதற்கு உதவாது. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பை விரலால் தொட்டுப் பார், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் சரிநடுவே பேனாவால் ஒரு புள்ளி வை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடமும் இதுதான். டேப் அந்தப் புள்ளியின்மேல், தரைக்கு இணையாகச் சுற்றிவர வேண்டும். கண்ணாடிக்குப் பக்கவாட்டாக நின்று, முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்; தனியாக அளவெடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால்தான் தொங்கும். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப் தோலைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும்போது எண்ணைப் படி. வயிற்றை எக்காதே. எக்கிக்கொண்டு அளவு கொடுத்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! போட்டுப் பார்க்கும் அன்று பொத்தான் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு விதமான உடம்பு இருக்கலாம் என்பதற்கு 2010இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைச் சொல்வேன். பத்துப் பேர்தான், சிறிய ஆய்வு. உணவைக் குறைத்து, ஒரு முறை 14 நாள் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்க விட்டார்கள். இன்னொரு முறை ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ மட்டுமே, மீதியெல்லாம் தசை போன்றவை. நள்ளிரவு தாண்டி நீ செய்தி அனுப்புவதைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்து சொல்வது கேட்க இனிக்காது. போகப் போக வேகம் இன்னும் குறையும். சிறுத்த உடலுக்குச் செலவு குறைவு, அதுபோகப் பசியும் கூடும். கொழுப்பிலிருந்து சுரந்து மூளைக்குத் தகவல் சொல்லும் லெப்டின் கொழுப்பு குறையும்போது தானும் குறைந்துவிடுகிறது. மூளை அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2011இல் இதையெல்லாம் சேர்த்துக் கணித்தார்கள். சாப்பாட்டில் ஒரு நிலையான மாற்றம் செய்தால் அதனால் வரக்கூடிய எடைக்குறைவில் பாதி வருவதற்கே ஓராண்டு ஆகும், கிட்டத்தட்ட முழுவதும் வர மூன்றாண்டு. நீ தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. உன் உடம்பு மந்தமில்லை, உன் காலண்டர்தான் அவசரப்படுகிறது.

அதற்காக மூன்றாண்டு கழித்துத்தான் பலன் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும்தான். சராசரியாக 5.6 கிலோ குறைந்தார்கள். மூன்றாண்டுக்குள் அவர்களிடையே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது. மூட்டு வலிக்காரியாக இன்னொன்று: முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை ஆராய்ந்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று தெரியவந்திருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறாய் என்று நீயே பெருக்கிக்கொள்.

"உற்சாகமே வரவில்லை" என்று எழுதியிருந்தாய். தையல் மெஷின் முன் உட்கார்ந்த எல்லா நாளிலும் எனக்கு உற்சாகம் இருந்ததாகவா நினைக்கிறாய்? கொடுத்த தேதி இருந்தது, அதனால் உட்கார்ந்தேன். நடக்கும் நேரத்தை முடிவு செய்து, செருப்பு விடும் இடத்திலேயே ஷூவை எடுத்துவை. மனத்தைக் கேட்காமல் இறங்கிவிடு. புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தபோது நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

அந்த ஒரு நாளுக்குப் பிறகு என்ன செய்கிறாய் என்பதில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். நனைந்தாகிவிட்டது, இனி முக்காடு எதற்கு என்று மிச்ச வாரத்தையும் கைவிடுகிறாய் பார், அதுதான் ஆபத்து. உளவியலாளர்கள் பீட்டர் ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் வரம்பு மீறிவிட்டோம் என்று நினைத்த கணத்தில் மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு வேளை மிஞ்சியது ஒரு வேளையோடு போகட்டும். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டவும் முயலாதே.

இரண்டு, மூன்று மாதச் சராசரியும் டேப்பும் சேர்ந்தே அசையவில்லை என்றால் மருத்துவரைப் பார். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சில மருந்துகள் இவையும் எடையைப் பிடித்துவைக்கும். மனவுறுதியால் தைராய்டைச் சரிசெய்ய முடியாது.

கால்சட்டைகளை எந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. புள்ளி வைத்து எடுத்த அளவு ஒன்று, கால்சட்டை நிற்கும் இடத்தில் எடுத்த அளவு ஒன்று, இரண்டையும் தேதி போட்டு அனுப்பு. எடை வேண்டாம். மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைப்பேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. யார் கொண்டுவந்தாலும் அப்படித்தான் தைப்பேன்.

அன்புடன்,
அம்மா