காமிக்ஸ் சேகரிப்பை விற்க நினைப்போருக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயரும் குடும்பங்களும், பெற்றோர் மறைந்த பின் வீட்டை ஒழுங்குபடுத்தும் பிள்ளைகளும், அட்டைப் பெட்டிகளிலும் பிஸ்கட் தகரங்களிலும் கிடந்த பழைய காமிக்ஸ் இதழ்களை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து விலை கேட்பது அண்மைக் காலமாக மிகுந்து வருகிறது. கடை வாசலில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதில் யாருக்கும் முழுமையாகப் பயன்படுவதில்லை என்பதால் இதை எழுதுகிறோம். எல்லாவற்றையும் மொத்தமாக எங்களிடமே விற்றுவிடுவது எளிதான வழிதான். ஆனால் எல்லாச் சேகரிப்புகளுக்கும் நல்ல விலை பெற்றுத் தரும் வழி அதுவன்று. எது எவருக்குப் பொருந்தும் என்பதை, பழைய புத்தகம் வாங்கி விற்பவர்கள் என்ற முறையில் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் பட்டியல் எடுங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். இதழின் பெயர், வெளியீட்டு எண், கதையின் தலைப்பு, அட்டையில் அச்சிட்டிருக்கும் விலை, உள்பக்கத்தில் காணப்படும் மாதம், ஆண்டு ஆகியவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தோன்றிய இரும்புக்கை மாயாவியை 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் வெளியீடாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்த நாயகனின் கதைகள் பல முறை மறுபதிப்பாகியுள்ளன. முதற்பதிப்பைத் தேடும் சேகரிப்பாளர் மறுபதிப்புக்கு அதே விலையைக் கொடுக்க மாட்டார். ஆகவே, "எங்கள் வீட்டில் மாயாவி புத்தகம் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்லும்போது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று தெரியாமல் எங்களால் மட்டுமல்ல, வேறு எவராலும் விலை சொல்ல இயலாது. லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் 1984-இல் தொடங்கியவை. இவற்றை வாங்க வருபவர்களில் பலர் தங்கள் வரிசையில் விடுபட்ட எண்களைத் தேடுபவர்கள். அவர்களுக்குக் கதையைவிட அட்டையிலுள்ள எண்ணே முக்கியம் என்பதால், அந்த எண்களைத் தவறில்லாமல் எழுதி வைப்பதே விற்பனையில் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது இதழின் நிலை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் இதுதான். பழைய காமிக்ஸ் மலிவான செய்தித்தாள் வகைக் காகிதத்தில் அச்சானது. அதில் உள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. நம் ஊரின் ஈரக்காற்றும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. அண்மையில் ஒரு மூதாட்டி கொண்டுவந்த ராணி காமிக்ஸ் இதழ் ஒன்றின் அட்டை நேற்று அச்சானதுபோல் பளிச்சென்று இருந்தது. நடுப்பக்கத்தைப் பிரித்தபோதுதான், இரண்டு தையல் பின்களும் துருப்பிடித்து, அந்தத் துரு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தாளில் ஊறிப் பரவியிருந்ததும், நடுத் தாள்கள் பின்னைவிட்டுக் கழன்றிருந்ததும் தெரிந்தன. வாங்குபவர் முதலில் பார்ப்பது இந்த நடுப்பக்கத்தைத்தான். அதன் பிறகு, புதிர்ப் பக்கமோ கூப்பனோ வெட்டப்பட்டிருக்கிறதா, இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா, பக்கங்கள் அனைத்தும் உள்ளனவா என்று பார்ப்பார். உள்ளட்டையில் ஒரு பிள்ளையின் பெயரும், எந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளி, எத்தனையாம் ஆண்டு என்பதும் பேனாவால் எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காண்கிறோம். எங்கள் கண்ணுக்கு அது குறையாகப் படுவதில்லை. ஆயினும் சேகரிப்பாளர் அதைக் குறையாகவே கணக்கிடுவார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தயவுசெய்து எதையும் நீங்களாகப் பழுதுபார்க்க வேண்டாம். கிழிசலுக்கு ஒட்டும் செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளோடு ஊறிவிடும். அதைப் பிரிக்கவும் முடியாது. அட்டையை லேமினேட் செய்தால் சேகரிப்பாளரிடம் அந்த இதழுக்கு மதிப்பே இராது. பல இதழ்களைச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தால், ஓரங்கள் வெட்டப்பட்டிருப்பதால் விலை குறையும் என்பது உண்மை. அதற்காகப் பைண்டைப் பிரித்தால் முதுகுப் பகுதி கிழிந்து இருந்த விலையும் போய்விடும். அப்படியே விடுங்கள், அப்படியே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சை பிடித்தவற்றை மட்டும் தனியே பிரித்து, நிழலில் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

இணையத்தில் ஓர் இதழுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர். அது விற்பவர் கேட்கும் விலை; கொடுத்து வாங்கிய விலை அன்று. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் அறிவிப்பை வைத்து மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்கும் வசதி உண்டு, அதைப் பாருங்கள்.

இனி விற்கும் வழிகள். எங்களிடம் மொத்தமாக விற்றால், அன்றே கையில் பணம் கிடைக்கும். ஆனால் நாங்கள் விற்கக்கூடும் என்று கருதும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் தர முடியும். கடை வாடகை, இதழ்கள் விற்காமல் தேங்கும் காலம், வாங்கியவற்றுள் ஒரு பகுதி விற்காமலே போவது ஆகியவை அதற்குக் காரணம். கணக்குக்காகச் சொன்னால், தனித்தனியாக ஐந்து ரிங்கிட் வீதம் விற்கக்கூடிய நாற்பது இதழ்களுக்கு இருநூறு ரிங்கிட் வரும்; எங்களிடம் மொத்தமாகக் கொடுத்தால் எழுபதிலிருந்து நூறு வரை கிடைக்கும். பரவலாகக் கிடைக்கும் இதழ்களுக்கும், நிலை சுமாரானவற்றுக்கும் இந்த வழியே பொருத்தம், ஏனெனில் நாற்பது பேருக்கு நாற்பது பொட்டலம் கட்டி அனுப்பும் உழைப்புக்கு அந்த வேறுபாடு ஈடாகாது.

அரிய இதழ்கள் இருந்தால் எங்களிடம் விற்காதீர்கள் என்றே சொல்வோம். 1970-களின் முத்து காமிக்ஸ் இதழ்கள், எண் விடுபடாமல் தொடரும் நீண்ட வரிசைகள் ஆகியவற்றை விற்றுக் கொடுக்கும் முறையில் எங்களிடம் ஒப்படைக்கலாம்; விற்ற பிறகு நூற்றுக்கு இருபது கழிவு போக மீதி உங்களுக்கு. இல்லையென்றால் நீங்களே ஃபேஸ்புக்கில் இயங்கும் தமிழ் காமிக்ஸ் வாசகர் குழுக்களிலும் கரோசெல் இணைய விற்பனைத் தளத்திலும் விற்கலாம். தமிழ் காமிக்ஸைத் தேடுவோர் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு அஞ்சல் கட்டணம் ஓரிரு இதழ்களின் விலையை விழுங்கிவிடும் என்பதால், அவர்களுக்குக் கட்டாக விற்பதே கட்டுப்படியாகும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: வருகிறவர் நல்ல பத்து இதழ்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால், எஞ்சியவற்றை வாங்க ஆள் வரமாட்டார். பொறுக்க விடுவதாக இருந்தால், அந்தப் பத்துக்கான விலை எஞ்சியவற்றின் இழப்பையும் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

ஆங்கிலக் காமிக்ஸ் வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள். 1990-களின் அமெரிக்க இதழ்களைப் புதையலாக எண்ணிப் பாதுகாத்தவர்கள் பலர். ஆனால் 1991-இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேல் அச்சானது. அத்தனை பிரதிகள் உலவும்போது விலை ஏற வழியில்லை. அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் 2000 முதல் இதழ்களுக்கு 10 வரை தரப்புள்ளி இட்டு உறையில் அடைத்துத் தருகிறது. மிக உயர்ந்த விலை பெறக்கூடிய ஆங்கில இதழ்களுக்குத்தான் அந்தச் செலவு தகும். தமிழ் இதழ்களுக்கு வேண்டாம். 1978-இல் தொடங்கிய கிலா-கிலா போன்ற மலாய் நகைச்சுவை இதழ்கள் இருந்தால், விற்பனைக் குறிப்பை மலாயில் எழுதி மலாய் சேகரிப்பாளர் குழுக்களில் போடுங்கள். எங்களிடம் வருவோரில் அவற்றைக் கேட்பவர்கள் குறைவு.

நேரடியாக விற்பவர்கள், பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பிப் பொட்டலத்தை அனுப்பிவிட வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகு அனுப்புங்கள். இதழ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, இருபுறமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். மழைக்கும் மடிப்புக்கும் அதுவே காப்பு.

பெரியவர் ஒருவர் சேர்த்தவை என்றால், அவரிடம் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். அவர் இல்லையென்றால் உடன்பிறந்தோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் கொண்டுவரப்படும் சேகரிப்பை நாங்கள் வாங்குவதில்லை, அது எவ்வளவு அரியதாக இருந்தாலும் சரி.

பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து மழையில் நனைக்க வேண்டாம். முதலில் பட்டியலை மட்டும், சில இதழ்களின் அட்டை, நடுப்பக்கம் ஆகியவற்றின் படங்களோடு, கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் கடையில் மதிப்பிட்டுச் சொல்வோம். இருநூறு இதழ்களுக்கு மேல் இருந்தால் நாங்களே வீட்டுக்கு வந்து பார்ப்போம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. எங்களிடம்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்,
பழைய புத்தகக் கடை, சுங்கை சிப்புட்