சிம்கோ ஏரிக்கு வான் பிடிக்கும் அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்

அன்பான குழுக்காரருக்கு,

தை பிறந்தால் போதும், உறைந்து கிடக்கும் சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கப் போக, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நீங்கள் ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவீர்கள். "சனி விடிய நாலு மணி, வானில் இரண்டு இடம் இருக்கு, வாறியளோ?" கெஸ்விக்கோ ஜாக்சன்ஸ் பொயின்டோ, ஏதோ ஒரு கரையில் இறங்கி, சாமான்களைப் பனியில் சறுக்கி இழுக்கும் சிலெட்டில் ஏற்றி இழுத்துக்கொண்டு நடப்போம். ஆறு வருடமாக உங்களோடு வருகிறவன் நான். ஐஸ் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துளை போட்டு அளந்து பார்க்காமல் ஒருவரையும் இறங்க விடமாட்டீர்கள். நான் எழுதுவது அந்த ஐஸுக்கு மேலே, கூடாரத்துக்குள் நாங்கள் கொளுத்தி வைப்பதைப் பற்றி.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம். நாலு பேர், லிங்குக்காக இரவு தங்கினோம். இங்கே லிங் என்று சொல்லும் பேர்பட் மீனைத் தெரியாதவர்களுக்கு: கொட் மீனின் நன்னீர்ச் சொந்தக்காரன், உடம்பு விலாங்கு போல, நாடியில் ஒற்றை மீசை. பெரும்பாலும் இருட்டின பிறகுதான் கொத்தும். அதனால்தான் எங்களுக்கு லாம்பு தேவைப்படுகிறது.

அன்றைக்கு நல்ல காற்று. கூடாரத்தின் அடித்துணியைச் சுற்றிவரப் பனியை அள்ளிப் போட்டு மிதித்தோம், ஈ கூட நுழையாதபடி. மேலே காற்றுத் துவாரம் இரண்டு. அதில் ஒன்றைக் கையுறையால் அடைத்தது நான்தான். உள்ளே சின்ன ஹீற்றர் ஒன்று, தலைக்கு மேல் புரொப்பேன் லாம்பு ஒன்று. ஒரு மணித்தியாலத்தில் ஜக்கெற்றையே கழற்றிவிட்டோம். என்ன சுகம்!

பத்து மணிபோல நெற்றிப்பொட்டு இடிக்கத் தொடங்கியது. கொத்துரொட்டி பிழை என்றான் ஒருவன். நேற்று நித்திரை இல்லை, அதுதான் என்றான் மற்றவன். கடைசித் தம்பி ஒன்றும் சொல்லாமல் தூண்டில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீன் கொத்தி முனை வளைந்தது. இரண்டாம் தடவையும் வளைந்தது. அவன் கை அசையவில்லை. அதைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது. கூடாரக் கதவின் சிப்பை இழுத்துத் திறந்து அவனை வெளியே தள்ளினோம். பனியில் முழங்காலில் இருந்து சத்தி எடுத்தான். நாங்கள் மூன்று பேரும் எழும்பி நிற்கத் தடுமாறினோம். அடுத்த நாள் அந்தக் கொத்துரொட்டிக் கடைக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்று பாடமாக்கினோமே, அதே நச்சு வாயுதான். மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்று போதாமல் எரிகிற எந்தச் சுவாலையும் அதை வெளியே விடும். எங்கள் ஹீற்றரில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் அமைப்பு இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் இருந்தோம். ஆனால் அது ஒட்சிசனை மட்டும்தான் பார்க்கும், காபனோரொட்சைட்டைப் பார்க்காது. தலைக்கு மேல் தொங்கிய லாம்பில் அந்த அமைப்புக்கூட இல்லை.

இன்னொன்றையும் நான் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஹீற்றரிலும் லாம்பிலும் பூட்டுகிற அந்தச் சின்னப் பச்சைப் போத்தலில் இருப்பது 465 கிராம் புரொப்பேன். அது முழுக்க எரிந்தால் முக்கால் லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கூடாரத்தின் உட்பக்கம் விடிய விடியச் சொட்டுவது எங்கள் மூச்சு மட்டுமல்ல, காஸிலிருந்து வந்த தண்ணீரும்தான். குளிரில் அது துவாரத்து வலையில் பூப்பூவாக உறைந்து, திறந்து விட்ட துவாரத்தையும் மெல்ல அடைத்துவிடும். கையுறை கூடத் தேவையில்லை.

இந்த லாம்பின்மேல் எங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். 90களில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம்போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த ஆட்கள் நாங்கள். கலியாண வீட்டில் பெற்றோமக்ஸைப் பம்ப் அடித்துப் பிரகாசமாக்கியவரை வாய் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். லாம்பின் வலைத்திரியான மாண்டிலைக் கட்டி, முதலில் அதைச் சாம்பலாக எரித்து, பிறகு காஸைத் திறந்தால் 'புஸ்' என்று ஒரு சத்தத்தோடு வெள்ளை வெளிச்சம் வரும். பற்றறி லைற்றில் அந்தச் சத்தம் இல்லை, சரி. ஆனால் அது ஒட்சிசனைக் குடிக்காது. வெளிச்சத்துக்குப் பற்றறி, சூட்டுக்கு மட்டும் காஸ் என்று வைத்தால் கூடாரத்துக்குள் எரிவதில் ஒன்று குறையும். அந்த லாம்பை வெளியே, சிலெட் பக்கத்தில் கொளுத்தி வையுங்கள். ஏரியில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அடுத்த குழுவுக்குத் தெரியவும் உதவும்.

லாம்பு மங்கினால் நாங்கள் செய்கிற வேலை இன்னும் மோசம். போத்தலைத் தூக்கி ஹீற்றருக்கு முன்னால் பிடிக்கிறோம். நானும் பிடித்திருக்கிறேன். காஸ் முடிந்ததால் மங்குவதில்லை, பெரும்பாலும் போத்தல் குளிர்ந்துதான் மங்குகிறது. உள்ளே திரவமாக இருக்கும் புரொப்பேன் கொதித்து வாயுவாக மாறும்போது போத்தலின் சூட்டையே எடுத்துக்கொள்ளும். போத்தலின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்குமே, அது அதனால்தான். புரொப்பேனின் கொதிநிலை -42 பாகை. அதனால் -20 பாகையிலும் அது வேலை செய்யும், ஆனால் அழுத்தம் கோடைகாலத்து 20 பாகையில் இருப்பதில் ஐந்தில் ஒன்றுதான். தேத்தண்ணி வைக்கக் கொண்டுவரும் அந்தத் தட்டை அடுப்பின் பியூட்டேன் டின்னோ பூச்சியப் பாகையிலேயே படுத்துவிடும். போத்தலைக் கைச்சூடு தண்ணீர் உள்ள வாளியில் கொஞ்ச நேரம் வையுங்கள், போதும். நெருப்புப் பக்கம் வேண்டாம்.

அப்புறம், அந்தப் பச்சைப் போத்தலை வீட்டில் நிரப்புவது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். பாபிகியூ சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, இணைப்பு ஒன்றைப் பூட்டி, பேஸ்மென்ற்றில் வைத்து நிரப்புகிறோம். போத்தலைப் ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்தால் கூடப் போகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருதரம் பாவித்து எறியும்படி செய்த தகரம் அது. மீண்டும் நிரப்பாதே என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பெரிய சிலிண்டரில் அளவு மீறாமல் தடுக்க வால்வுக்குள் மிதவை இருக்கிறது, இதில் அது இல்லை. வழிய வழிய நிரப்பிய போத்தல் சூடான வானுக்குள் ஏறியதும் திரவம் விரியும், விரிய இடம் இருக்காது. கழற்றிப் பூட்டிய வால்வோ கசியத் தொடங்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், கசிந்தால் பேஸ்மென்ற் நிலத்திலேயே தேங்கி நிற்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எப்போது பற்றும் என்று பார்த்துக்கொண்டு.

காசை மிச்சம் பிடிப்பது பிழையில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. நிரப்பக்கூடிய 5 இறாத்தல் சிலிண்டர் ஒன்றை குழுவாக வாங்கி, நீள ஹோஸ் போட்டு, சிலிண்டரைக் கூடாரத்துக்கு வெளியே நிமிர்த்தி வைத்து, ஹோஸை மட்டும் உள்ளே விடலாம். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதை வீட்டிலேயே செய்துகொண்டு வாருங்கள், ஐஸில் அந்தத் தண்ணீரே உறைந்துவிடும். வெறும் பச்சைப் போத்தல்களையும் தயவுசெய்து திரும்பக் கொண்டுவாருங்கள். ரொறன்ரோவில் நகரசபையின் அபாயக் கழிவு நிலையங்களில் எடுப்பார்கள். போன பங்குனியில் ஐஸில் கிடந்த மூன்றை நான் பொறுக்கினேன், மற்றவை இப்போது ஏரியின் அடியில்.

கூடாரம் 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரமாக இருந்தால் ஒன்ராறியோவில் அதைப் பதியத் தேவையில்லை. அதிகாரி வந்தால் லைசென்ஸைப் பார்ப்பார், மீனை எண்ணுவார். மேலே தொங்குவதைப் பார்க்க வேண்டியது வான் பிடித்த நீங்கள்தான். 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் லோறி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே காபனோரொட்சைட்டால் இறந்தார்கள். அங்கே அடைபட்டிருந்தது புகைபோக்கி. அதற்குப் பிறகுதான் 2013இல் அவர்கள் பெயரில் சட்டம் வந்து, 2014இல் வீடுகளில் காபனோரொட்சைட்டு அலாரம் கட்டாயமானது. எங்கள் கூடாரத்தில் அடைபட்டிருந்தது என் கையுறை.

ஆகையால் கேட்கிறேன். ஆள் சேர்க்கும்போது லைசென்ஸ் இருக்கா, சப்பாத்து இருக்கா என்று கேட்கிற மாதிரி, பற்றறி அலாரம் யார் கொண்டுவருகிறீர்கள் என்றும் கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அன்றைக்கு உள்ளே எதையும் கொளுத்தாதீர்கள், உடுப்பை இன்னொன்று கூடப் போட்டுக்கொள்வோம். அலாரத்தை, நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது தலை வரும் உயரத்தில் தொங்கவிடுங்கள். வீட்டு அலாரங்கள் உறைகுளிருக்கென்று செய்தவை அல்ல, எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், போய்ச்சேரும்வரை ஜக்கெற்றுக்குள் வைத்திருங்கள். அது இருக்கிறது என்பதற்காகத் துவாரத்தை மூடவும் வேண்டாம். கீழே ஒன்று, மேலே ஒன்று திறந்தபடி இருக்கட்டும். காற்று வந்தால் வரட்டும்.

என்னிடம் இரண்டு அலாரம் இருக்கிறது. நான் வராத சனிக்கிழமையிலும் வெள்ளி இரவு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், திங்கள் கொண்டுவந்து தந்தால் போதும். வாடகை ஒன்றும் இல்லை. லிங் கிடைத்தால் ஈரல் எனக்கு.

ஸ்காபரோவிலிருந்து,
துவாரத்தை அடைத்தவன்