கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்வது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். பாதி டம்ளரிலேயே குமட்டி வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்ணையும் தட்டிக்கொடுத்துக் குடிக்க வைக்கிறோம். சரி, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு? அவர் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகிவிடுகிறது. குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் அதற்குள் உருவாகிவிடும்.

முதல் வகை சர்க்கரை நோயுள்ள, அதாவது உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத, கர்ப்பிணிகளைப் பற்றி ஸ்வீடனில் இருந்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம். மற்ற பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. கருத்தரித்த சமயத்தில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.5 சதவீதத்துக்குள் இருந்தவர்களுக்கு அது 13 சதவீதம், 9-ஐத் தாண்டியவர்களுக்கு 37 சதவீதம். 6.5-க்குள் வைத்தாலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை, ஆனால் எவ்வளவு குறைகிறது பாருங்கள்!

அப்புறம், இன்சுலின் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார்கள் தடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாயின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரைதான் போகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். இளம் பெண்களிடம் "குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறீர்களா?" என்றும் அப்போதே கேட்டு, மூன்று மாத சராசரிப் பரிசோதனைக்கு அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்