செல்விக்கு, ஐந்து மாதம் தாமதமாக

மஸ்கட்
வெள்ளி இரவு

அன்புள்ள செல்வி,

திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. மே மாதம் நீ கேட்டதற்கு அக்டோபரில் பதில் எழுதுகிறேன். "பாப்பாவைப் பெண்கள் கல்லூரியில் போடவா, கோ-எட்டில் போடவா? ரெண்டையும் பார்த்தவள் நீதான், சொல்லு" என்று கேட்டிருந்தாய். நாலு முறை பதில் அடித்து நாலு முறையும் அழித்தேன். இதற்குள் பாப்பா சேர்ந்து முதல் இன்டர்னலும் எழுதிவிட்டாளாம், சாந்தி சொன்னாள். ஆக, என் யோசனை இனி யாருக்கும் பயன்படாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய் இல்லை. அத்தான் ரிட்டயர்மென்ட் போட்டோ பார்த்தேன். அந்த மாலைகளுக்குள் மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் என் ரியாத் மாணவி ஒருத்தி வந்திருந்தாள், ஒரு பெட்டி சுக்கரி பேரீச்சையோடு. பெயர் வேண்டாம். ஃபோன்காரி என்று வைத்துக்கொள், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். இங்கே ஒரு கருத்தரங்கு. வாடகைக்கு எடுத்த காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. என்னிடம் படித்த காலத்தில் மதியம் ஆனதும் கேட்டுக்கு உள்ளே மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருப்பாள். வெளியே இருக்கும் காவல்காரத் தாத்தா மைக்கில் குடும்பப் பெயரைக் கூப்பிட்டால்தான் எழுந்து கறுப்பு மேலங்கியான அபாயாவை மாட்டிக்கொண்டு டிரைவரிடம் ஓட முடியும். பெண்கள் கார் ஓட்டலாம் என்று ஆனது 2018 ஜூனில்தானே.

நான் 2007ல் ரியாத் கிளம்பியபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "விடுதிச் சுவர் ஏறிக் குதிக்க மூன்று வருஷம் திட்டம் போட்டவள், இப்போ ஃப்ளைட் ஏறி இன்னொரு சுவருக்குள்ளே போறா." ஏறியது நான், மாட்டியது மல்லிகா, அது வேறு கதை.

அந்தச் சுவர் நம் சுவரைவிட இரண்டு மடங்கு உயரம். முதல் நாள் எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் குழம்பிப்போனேன். வாசலைத் தாண்டியதும் அபாயாக்கள் கழன்றன. ஜீன்ஸ், பாய் கட், ஒருத்தி தலையில் நீலச் சாயம். கூட்டமாகக் கத்திச் சிரிக்கிற பெண்களை அதற்கு முன் நான் பார்த்தது நம் விடுதி மொட்டைமாடியில் மட்டும்தான். வகுப்பு எடுப்பவர், கணக்கு எழுதுபவர், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர், எல்லாம் பெண்கள். துறைக் கூட்டத்தில் பேசுவதற்கு முன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கூட்டம் தொடங்கியதும் ஹெச்.ஓ.டி. சார் டீக்காக என் பக்கம் திரும்புவார். ரியாத்தில் டீ சொல்ல ஆள் தேடினால் எல்லாரும் தலைவிகள்.

அப்படியே சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. நல்ல கருவிகள் எல்லாம் ஆண்கள் வளாகத்தில். எங்கள் மாணவிகள் தயாரித்த சாம்பிளைக் குப்பியில் போட்டு, லேபிள் ஒட்டி, டிரைவரிடம் கொடுத்தனுப்புவோம். ஒரு வாரம் கழித்து முடிவு தாளில் வரும். கருவியையே பார்க்காமல் வேதியியலில் பட்டம் வாங்கினார்கள். பெண்கள் பிரிவுக்கு வகீலா என்று துணைத் தலைவி ஒருவர் உண்டு. கெட்டிக்காரி. ஆனால் எதுவாக இருந்தாலும் ஆண்கள் பக்கத்து டீனின் கையெழுத்து வேண்டும். எட்டு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தேன், ஒரு நாளும் அவரைப் பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் தெரியும். பச்சை மை.

இப்போது ஃபோன் கதை. சில பாடங்களுக்குப் பெண் ஆசிரியர் கிடைக்கமாட்டார். அப்போது அந்தப் பக்கத்துப் பேராசிரியர் கேமரா முன் நின்று நடத்துவார். எங்கள் பக்கம் ஐம்பது பெண்கள் டிவியைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். அவருக்கு இவர்கள் தெரியமாட்டார்கள். சந்தேகம் வந்தால் மேஜை மேல் இருக்கும் ஃபோனை எடுத்துக் கேட்க வேண்டும். பாதிப் பேர் தூங்குவார்கள். ஃபோனை விடாமல் பிடித்துக்கொண்டு அந்த மனிதரைக் கேள்வியாலேயே வதைத்தவள் இவள்.

பிறகு அவள் துவல் என்ற ஊருக்குப் போனாள். ஜெத்தாவுக்கு வடக்கே செங்கடல் கரையில் மன்னர் அப்துல்லா பெயரில் ஒரு அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, 2009 செப்டம்பரில் திறந்தது. சவூதியில் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்த முதல் பல்கலைக்கழகம். திறந்த கையோடு, மூத்த உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், சபையிலிருந்த ஷேக் சாத் அல் ஷத்ரி இப்படிக் கலப்பது பெரும் தீமை என்று டிவியில் சொன்னார். மன்னர் அவரைச் சபையிலிருந்தே எடுத்துவிட்டார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை, டீ மட்டும் இரண்டு ரவுண்டு ஓடியது. அதே மன்னர்தான் 2011ல் ரியாத்தில் இளவரசி நூரா பல்கலைக்கழகத்தின் புது வளாகத்தையும் திறந்துவைத்தார். உள்ளேயே டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது. உலகத்திலேயே பெரிய பெண்கள் பல்கலைக்கழகம் என்கிறார்கள். ஒரு கையால் சுவரை இடித்து, மறு கையால் அதைவிடப் பெரியதைக் கட்டினார் என்று நான் கிண்டல் செய்வேன். ஃபோன்காரி ஒப்புக்கொள்ளமாட்டாள். "எங்கப்பா என்னை முதலில் காலேஜுக்கு அனுப்பினதே சுவர் இருந்ததால்தான் மேடம். சுவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு நாலு பிள்ளைக்குத் தாய்" என்றாள். எனக்கு அதற்குப் பதில் இல்லை.

துவலில் முதல் செமினார். எதிரே பேராசிரியர், உயிரோடு, பத்தடி தூரத்தில். இவளுக்குச் சந்தேகம் வந்தது. கை தானாகவே மேஜையின் இடது பக்கம் போய் ஃபோனைத் துழாவியதாம். சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, செல்வி. அந்த ஃபோனை மேஜைமேல் வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம் குவைத். அங்கே கதை பின்னோக்கி நடக்கிறது. 1996க்கு முன் பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்த பல்கலைக்கழகம். அந்த வருஷம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஐந்து வருஷத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்றது. குவைத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமையே 2005ல்தான் வந்தது. அதாவது, பெண்கள் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்தவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பெண்கூட ஓட்டுப் போடவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் சில வகுப்புகள் கலந்தே நடந்துவந்தன. 2023ல் அதையும் நிறுத்தச் சொன்னார்கள். மாணவர்களே வளாகத்தில் கூடி எதிர்த்தார்கள். பாடத்தை இரண்டாக வெட்டினால் ஆசிரியர் இரண்டு மடங்கு வேண்டுமே. ஆள் இல்லாத பிரிவு அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நீ படித்த சரித்திரத்தில் இது இருக்காது: கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பெண்களை 1920களின் கடைசியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். சுஹைர் அல் கலமாவி 14 ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக அரபி இலக்கியம் படித்து, ஆயிரத்தொரு இரவுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். "அரபு நாடுகளில் எல்லாம்" என்று நம் ஊரில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். கத்தார் பல்கலைக்கழகம் 1973ல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கியபோதே 57 ஆண்கள், 93 பெண்கள். வளாகம் தனித்தனி. அதே தோஹாவில் எஜுகேஷன் சிட்டி அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்கள்.

இங்கே ஓமானில் மூன்றாவது வகை. 1986ல் திறந்த சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் கட்டும்போதே வரைபடத்தில் பிரித்துவிட்டார்கள். மேல் நடைபாதை பெண்களுக்கு, கீழே ஆண்களுக்கு. வகுப்பறை ஒன்று, கதவு இரண்டு. பெண்கள் பின்னால், ஆண்கள் முன்னால். ஒரு உரை கேட்கப் போனபோது நான் தப்பான கதவில் நுழைந்தேன். முன்வரிசைப் பையன்கள் அத்தனை பேரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உறுத்தியது வேறு. பெண்கள் நன்றாகப் படித்து இடங்களைப் பிடித்துவிடுகிறார்கள் என்று, பொறியியல் போன்ற சில படிப்புகளுக்குப் பெண்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்கிற வழக்கம் இங்கே இருந்தது. கீழ்வீட்டுப் பெண் ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, எந்தக் கதவில் வேணுமானாலும் வரேன். அவனுக்குக் கிடைச்ச மார்க்குக்கு எனக்கு ஏன் சீட் இல்லை?"

நாலு முறை அழித்ததற்குக் காரணம் இதுதான். சுவர் இருந்த இடத்தில் தலைவிகளைப் பார்த்தேன். சுவர் இல்லாத இடத்தில் டீ சொல்லச் சொன்னார்கள். ஆனால் அந்தத் தலைவிகளுக்கும் பச்சை மை வேண்டியிருந்தது. நீ கேட்ட கேள்விக்கு நான் சேர் என்றோ வேண்டாம் என்றோ எப்படி ஒரு வரியில் சொல்வேன்?

பாப்பா கோ-எட்டில் சேர்ந்திருக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்தேன். அங்கே பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு, கேன்டீனில் சேர்ந்து உட்கார்ந்தால் வீட்டுக்கு ஃபோன் என்று சாந்தி சொன்னாள். நான் ரியாத் போனதற்கு மூன்று நாள் அழுதாயே, இப்போது பீஸும் கட்டி அனுப்பியிருக்கிறாய்! சரி, சரி, கோபப்படாதே.

முறுக்கு மாமா டிசம்பரில் இந்தப் பக்கம் வருவதாகக் கேள்வி. கைச்சுமை அளவைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவை, போன முறை மாதிரி ஏர்போர்ட்டில் உட்கார்ந்து தின்று தீர்க்கப் போகிறார். பாப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது. அவர்கள் துறையில் நல்ல கருவி இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? ராத்திரி எட்டு மணிக்கு அவளுக்கு அது வேண்டுமென்றால் கொடுப்பார்களா?

உன்,
வசந்தி