தேனீ வளர்ப்போர் சங்கம், யாழ்ப்பாணம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் சபையோருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று வந்ததால் இடையில் மண்டபம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அப்போது உறுப்பினர் ஒருவரின் வளவில் மாமரத்துக்குக் கீழே கூடினோம். உண்மையைச் சொன்னால், மண்டபத்தை விட அங்கேதான் உருப்படியான கதை நடந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

இந்த வருடம் எங்களைக் கூடுதலாக அலைக்கழித்தவை தேனைப் பற்றிய செய்திகள்தான். இந்தியாவின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, நேற்று வந்த செய்தி மாதிரி இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 13 பிராண்டுகளின் தேனை, காந்தப்புலத்தில் வைத்து அதிலுள்ள பொருட்களை அடையாளம் காணும் என்எம்ஆர் முறையில் ஜேர்மனியில் சோதித்தபோது 3 மட்டுமே தேறின. ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதித் தேனில் எடுத்த 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை என்று 2023இல் அறிவித்தது. கரும்புச் சீனி கலந்தால் பழைய ஆய்வுகூடச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். அரிசியிலிருந்து எடுக்கும் பாணி அதற்குத் தப்பிவிடுகிறது என்பதால்தான் இந்தப் புதுச் சோதனை. விளைவு என்னவென்றால், கடைப் போத்தலை விட்டுவிட்டு வளவுத் தேன் தேடி வருகிறவர்கள் கூடினார்கள். வந்தவர்கள் எங்களையும் அதே கண்ணால் பார்த்தார்கள்.

அவர்கள் கையோடு கொண்டு வந்த சோதனைகள்தான் பெரிய தொல்லை. தண்ணீரில் விட்டால் அடியில் தங்க வேண்டுமாம், தாளில் ஊறக்கூடாதாம், எறும்பு மொய்க்கக்கூடாதாம். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாணியும் தண்ணீரில் அடியில் போய்த்தான் தங்கும். நீர்ப்பற்றுக் கூடிய நல்ல தேன் தாளை நனைக்கும். எறும்புக்கு இனிப்பு இருந்தால் போதும். மார்கழிக் குளிரில் உறைந்துபோன போத்தலை "சீனி படிந்து கிடக்குது" என்று திருப்பிக் கொண்டு வந்தவர்களும் உண்டு. தேனில் இருக்கும் குளுக்கோஸ் உறைவது இயல்பு. இளஞ்சூட்டு நீரில் போத்தலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினோம்.

இதற்கு வாயால் பதில் சொல்லிக் களைத்துப்போய், சங்கத்துக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினோம். விரல் நீளத்தை விடக் கொஞ்சம் பெரிய குழாய். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடியை அமர்த்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு நீர் எவ்வளவு என்று காட்டும். சீனி கலந்ததை இது கண்டுபிடிக்காது, அதை வாங்குபவரிடம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் தேன் முற்றியதா இல்லையா என்று சொல்லும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸில் நீர் நூற்றுக்கு 20க்கு மேல் போகக்கூடாது. எங்கள் நாட்டுத் தேனீயின் தேன் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். அறைகளை மெழுகால் மூடுமுன்பே அவசரப்பட்டுத் தேன்வதையைப் பிழிந்தால் நிச்சயம் தாண்டும். சில வாரத்தில் நுரைத்துப் புளிக்கும். அப்படி நுரைத்த போத்தலைப் பார்ப்பவர் கலப்படம் என்றுதான் நினைப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இருக்காது. பெட்டிக்குச் சீனிப்பாணி வைக்காவிட்டால் தேனீக் குடும்பமே கிளம்பிப் போய்விடும். வைப்பது தப்பில்லை. அந்தப் பாணியைத் தேனீக்கள் அறையில் கொண்டுபோய் நிரப்பியதைத் தேன் என்று பிழிந்து விற்பதுதான் தப்பு. தேன் சேரும் மேல் தட்டைப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே பாணி கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்வரை பொறுமை இருந்தால் சரி.

கொட்டுச் செய்தியாலும் பிரச்சினை வந்தது. மலையகத் தோட்டங்களில் குளவி கொட்டியது, சீகிரியாவில் சுற்றுலாப் பயணிகளைத் தேனீ துரத்தியது என்று பேப்பரில் வந்த அன்றே அயலட்டையில் பெட்டியை எடுக்கச் சொல்லுவார்கள். சீகிரியாப் பாறையில் தொங்குவது திறந்த வெளியில் ஒற்றை வதை கட்டும் பெருந்தேனீ. பெட்டிக்குள் இருப்பது வேறு சாதி, அதைவிடச் சாது. என்றாலும் ஒழுங்கைப் பக்கம் வாசலைத் திருப்பி வைத்துவிட்டு அயலவரோடு வழக்குப் பேசும் உறுப்பினருக்குச் சங்கம் துணை வராது.

செய்தியில் வராத இழப்பு ஒன்று உண்டு. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் காலை வெயிலில் மருந்தடித்த நாட்களில், சில உறுப்பினர்களின் பெட்டி வாசலில் ஈக்கள் நாக்கை நீட்டியபடி குவிந்து கிடந்தன. மருந்து பட்டுச் செத்ததற்கு அதுவே அடையாளம். தோட்டக்காரரோடு சண்டை பிடித்துப் பலனில்லை, அவருக்கும் பயிர்தான் சோறு. பொழுதுபட்ட பிறகு அடியுங்கள், முதல் நாளே ஒரு போன் போடுங்கள் என்று கேட்டோம். கேட்டவர்கள் பலர், கேளாதவர்களும் உண்டு. நவம்பர் கடைசியில் ஃபெங்கால் புயலோடு வந்த வெள்ளத்தில் தாழ்ந்த நிலத்துப் பெட்டிகள் நனைந்து, ஈ வெளியேறிய கூடுகளில் மெழுகுப் பூச்சி புகுந்தது. வரும் ஆவணிக்குள் பெட்டிகளின் கால்களை உயர்த்திவிடுங்கள்.

மே 20, உலகத் தேனீ தினத்தின் 2024ஆம் ஆண்டுக் கருப்பொருள் இளையோர் என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெட்டி திறந்து காட்டினோம். ஆசிரியர்கள்தான் கூடுதலாகப் பயந்தார்கள்.

லேபிளில் பிழிந்த மாதமும் ஊரும் போட வேண்டும் என்ற பிரேரணை இன்று சபைக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜூன் முதல் எந்த நாட்டுத் தேன் எத்தனை வீதம் என்று போத்தலில் போட வேண்டும். எங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்ற வரியும் அதில் சேர வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவும் வீடுகள் இருப்பதால் ஆட்சேபனை வரும் என்று தெரியும், ஆனால் தேனில் இருக்கக்கூடிய, கைக்குழந்தைக்கு ஆபத்தான பொட்டுலிச நோய்க் கிருமி சம்பிரதாயம் பார்க்காது.

கடைசியாக, தேன் பிழியும் மெஷினை இரவல் எடுத்தவர்கள் கழுவிக் காய வைத்துச் சித்திரைக்கு முன் திருப்பித் தரவும். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன, சபையில் வாசிக்கவில்லை.

செயலாளர்