பாலைவனத்தில் விரித்த கடை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் இருந்து போட்டுவிடு, 'போட்டாச்சு போட்டாச்சு' என்பார்கள், நம்பாதே. இங்கே சின்னவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். டிவி ரிமோட் முழுக்க என் ராஜ்யம்.

உன் மகன் டார்ட்ஸ் (அதுதான், போர்டில் குட்டி அம்பு எறியும் ஆட்டம்) வீரன் லூக் லிட்லர் மேல் பைத்தியமாகிவிட்டான் என்று எழுதியிருந்தாய். 17 வயதில் உலகப் பட்டம் வாங்கிய பையன், பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவன் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: டார்ட்ஸில் மட்டும் அமெரிக்காக்காரனை ஏன் காணோம்? அதற்கு அமெரிக்கப் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் நடந்த 'டெசர்ட் கிளாசிக்' டார்ட்ஸ் போட்டியின் கதையைச் சொல்லிப் பார்.

2001-ல் பாரி ஹெர்ன் பிடிசி என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் பொறுப்பை ஏற்றார். குத்துச்சண்டை, ஸ்னூக்கர் என்று எதையும் காசாக்கத் தெரிந்த மனிதர். மறு வருடமே வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் போட்டி. பிரிட்டிஷ் சேனலான ஸ்கை ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பியது. அங்கேதான் சிக்கல். லண்டனைவிட வேகாஸ் 8 மணி நேரம் பின்னால். லண்டன்காரன் ராத்திரி 8 மணிக்குப் பார்க்க வேண்டுமென்றால் வேகாஸில் உச்சி வெயிலில் ஆட்டம் நடக்க வேண்டும். டிவியில் வழக்கம்போல ஒரு பாதியில் எறிபவர் முகம், மறு பாதியில் போர்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டனில். அமெரிக்கா வெறும் பின்னணித் திரை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆட்டம் மட்டும் சோடை போகவில்லை. 8 வருடத்தில் 5 முறை இங்கிலாந்தின் ஜாம்பவான் ஃபில் டெய்லர் ஜெயித்தார், அதில் ஆச்சரியமில்லை. எனக்குப் பிடித்தது 2003. அதற்கு முந்தைய வருட உலக இறுதியில் டெய்லரிடம் 7-0 என்று உதை வாங்கி, கை குலுக்கக்கூட மறுத்துப் போன பீட்டர் மான்லி அந்த வருடம் கோப்பையைத் தூக்கினார். ரசிகர்கள் வில்லனாகவே பார்த்த ஆள்! 2006-ல் கனடாக்காரர் ஜான் பார்ட், 2007-ல் நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்ட். வட அமெரிக்காவுக்குக் கிடைத்தது பார்ட்டின் அந்த ஒரு கோப்பைதான்.

இதைவிட வேடிக்கை, அதே 2006-ல் கனெக்டிகட் மாநிலத்தின் மொஹீகன் சன் சூதாட்ட விடுதியில் நடந்த 'வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் டார்ட்ஸ்'. இந்த முறை ஒளிபரப்பு அமெரிக்க சேனலான இஎஸ்பிஎன். உள்ளூர் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை ஆட்களோடு மோதவிட்டு, அமெரிக்கர் யாராவது கோப்பையை வென்றால் 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டி வரவே இல்லை. டெய்லர் ஜெயித்தார், போட்டி அந்த ஒரு வருடத்தோடு சரி.

பணத்தாசை காட்டினால் ஆள் வருவான், கை வருமா? அமெரிக்க பார்களில் அதிகம் ஆடுவது பிளாஸ்டிக் முனை அம்பு, எலக்ட்ரானிக் போர்டு. ஆட்டமும் பெரும்பாலும் 15 முதல் 20 வரை எண்களையும் நடுப்புள்ளியையும் மூடும் 'கிரிக்கெட்' என்ற ஒன்று (நம் கிரிக்கெட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை). பிரிட்டிஷ்காரனோ 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து டபுளில் (எண்ணை இரட்டிப்பாக்கும் வெளி வளையம்) முடிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பழகியவன். மூன்று அம்பையும் ட்ரிபிள் இருபதில் (எண்ணை மும்மடங்காக்கும் உள் வளையம்) போட்டு 180 எடுப்பது ஒரு பக்கம், மிச்சம் 40 இருக்கும்போது கை நடுங்காமல் டபுள் இருபதில் குத்துவது வேறு பக்கம். வாரம் முழுக்க வேறு ஆட்டம் ஆடிவிட்டு டெய்லர் எதிரில் வந்து நின்றால் இந்த இரண்டாவது வித்தை எங்கிருந்து வரும்?

வேகாஸ் கடையை 2009-லேயே மூடிவிட்டாலும் ஆசை விடவில்லை. 2022-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் வரை போய்ப் போட்டி நடத்தினார்கள். கோப்பையை எடுத்துப் போனவர் மைக்கேல் ஸ்மித், அவரும் இங்கிலாந்துக்காரர்தான்.

பையனுக்கு போர்டு வாங்கித் தரப் போகிறாய் என்றால், நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம், நிற்கும் கோடு போர்டின் முகப்பிலிருந்து 7 அடி 9¼ அங்குலம். பின்னால் ஒரு பிளைவுட் பலகை அடித்துவிடு, இல்லையென்றால் புதுப் பெயிண்ட் அடித்த சுவரைப் பார்த்து உன் மனைவி என்னைத்தான் திட்டுவாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா இல்லையா? டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ரவி